கடையை மூடாமல் கடனைத் தீர்ப்பது எப்படி?



ஆரணியில் மளிகைக் கடையின் கல்லா நிறைவதும் காய்வதும் தறியைப் பொறுத்தது என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லாததால் சேலை தேங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு போட முடியாது. குழித்தறியில் ஈரம் ஏறிவிடும். கூலி வராத வாரத்திலும் நெசவாளர் வீட்டில் உலை வைக்கத்தானே வேண்டும்? அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் சிட்டையில் போகின்றன. அந்தச் சிட்டைப் பாக்கி கடைக்காரரின் பாக்கியாகி, கடைசியில் எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளின் பேரேட்டில் வந்து உட்காருகிறது. 2016 நவம்பரில் நோட்டு செல்லாமல் போனதும், 2020-ல் ஊரடங்கு வந்ததும் இந்தச் சங்கிலியை இழுத்துப் பார்த்த சம்பவங்கள். அப்போது ஏறிய பாக்கி சில கடைகளில் இன்னும் இறங்கவில்லை.

இப்படிச் சிக்கிய கடை எப்படி முடிகிறது என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஒரு நாள் காலையில் ஷட்டரில் பூட்டு தொங்கும். செல்போன் அணைந்திருக்கும். பத்துப் பேர் வாசலில் நின்று ஆளுக்கொரு தொகையைச் சொல்வார்கள். முந்தின நாள் வரை நாலாயிரம், ஐயாயிரம் என்று கட்டிக்கொண்டிருந்தவர்தான் அவர். எங்கள் பேரேட்டில் பார்த்த வரையில், கடன் அதிகமானதால் மூடிய கடைகளைவிட, யாருக்கு எவ்வளவு என்ற கணக்கில்லாமல் சத்தம் போட்டவருக்கெல்லாம் கட்டியதால் மூடிய கடைகளே அதிகம். ஆகவே பாக்கியை முறையாகப் பங்கிட்டுக் கட்டுவதைப் பற்றி இங்கே எழுதுகிறோம். கடன்பட்டவருக்கு மட்டுமின்றி, கடன் கொடுத்த எங்களுக்கும் இதில் லாபம் உண்டு.

முதலில் தண்டலைப் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலான சிக்கல் இதில்தான் முற்றுகிறது. 10,000 ரூபாய் தண்டல் என்றால் கையில் வருவது 8,500. நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "1,500 ரூபாய்தானே கூட, மூன்று மாதத்துக்கு அது பெரிசா?" என்று நினைக்கிறோம். மறுநாளிலிருந்தே முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். அந்த 100 நாளும் நம் கையில் சராசரியாக நிற்பது ஏறக்குறைய பாதித் தொகை, அதாவது 4,250 ரூபாய் மட்டுமே. அதற்கு 1,500 ரூபாய் வட்டி என்றால் மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் ஆகிறது. மூன்று வட்டி என்று கேட்டால் யோசிக்கிற கடைக்காரர், பத்து வட்டிக்குச் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போடுகிறார். தினம் நூறு ரூபாய் என்பது கல்லாவில் தெரியாது, அவ்வளவுதான் காரணம்.

இனி கணக்குக்காக ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். மாத விற்பனை 5 லட்சம். மளிகையில் செலவு போகுமுன் நிற்கிற லாபம் நூற்றுக்கு 9 என்று வைத்தால் 45,000. கடை வாடகை 6,000, மின்சாரம் 2,500, பையன் சம்பளம் 9,000, வீட்டுச் செலவை இறுக்கிப் பிடித்தால் 15,000. மிச்சம் 12,500.

இந்தக் கடைக்குக் கடன் இருப்பதைப் பாருங்கள். வீட்டுப் பத்திரத்தின் மேல் வங்கிக் கடன், மாதத் தவணை 4,500. மொத்த வியாபாரிகள் நால்வருக்கு முறையே 1,20,000, 80,000, 60,000, 40,000. புரோநோட்டில் மூன்று வட்டிக்கு ஒருவரிடம் 1,00,000. இரண்டு தண்டல், நாளொன்றுக்கு 200 வீதம் 400 ரூபாய், பாக்கி 40,000.

நாளுக்கு 400 என்றால் மாதம் 12,000. மிச்சமான 12,500-ல் தண்டல்காரர் ஒருவரே கிட்டத்தட்ட முழுவதையும் கொண்டுபோகிறார். வங்கித் தவணைக்கும், சரக்குப் பாக்கிக்கும், நோட்டு வட்டிக்கும் பணம் இல்லை. அவற்றைச் சமாளிக்க மூன்றாவது தண்டல் எடுக்கிறார். அன்றைக்கே அந்தக் கடையின் முடிவு தொடங்கிவிட்டது. இருந்தாலும் வாடிக்கை இருக்கிறது, விற்பனை நடக்கிறது, லாபமும் வருகிறது. இதைக் காப்பாற்ற முடியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

செய்ய வேண்டியது என்ன? ஒரே தாளில் எல்லாக் கடனையும் எழுத வேண்டும். மச்சானிடம் வாங்கிய கைமாற்று, மனைவி பெயரில் எடுத்த குழுக் கடன், எடுத்துவிட்ட சீட்டுக்குக் கட்ட வேண்டிய பாக்கி எல்லாம் அந்தத் தாளில் வர வேண்டும். வெட்கப்பட்டு ஒன்றை மறைத்தால் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். எதிர்ப்புறத்தில் வர வேண்டிய சிட்டைப் பாக்கியையும் எழுதுங்கள். அதில் வரக்கூடியது எது, வராதது எது என்று நெஞ்சில் கை வைத்துப் பிரிக்க வேண்டும். வீட்டிலும் இந்தத் தாளைக் காட்டுங்கள். வீட்டாருக்குத் தெரியாமல் கடனைத் தீர்த்தவரை நாங்கள் பார்த்ததில்லை.

அடுத்து தண்டலை அடைக்க வேண்டும், புதுக் கடன் வாங்காமல். சிட்டைப் பாக்கியில் 15,000 தண்டினாலும் மீதி 25,000-க்கு வழி வேண்டும். இங்கே பலர் நகையை அடகு வைக்கிறார்கள். எங்கள் அபிப்பிராயம், விற்றுவிடுவதே மேல். அடகு வைத்தால் வட்டி ஒரு பக்கம் ஓடும், மீட்க முடியாமல் ஏலத்தில் போனால் மனக்கஷ்டமும் சேரும். விற்ற நகையைக் கடன் தீர்ந்தபின் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் இதைச் சொல்வது சுலபமில்லை என்பதை அறிந்தேதான் எழுதுகிறோம்.

தண்டல் போனதும் மாதம் 12,500 கைக்கு வருகிறது. வங்கிக்கு 4,500 போக 8,000. மற்ற ஐந்து பேருக்கு மொத்தப் பாக்கி 4,00,000. ஆக நூற்றுக்கு 2 ரூபாய் வீதம் எல்லோருக்கும் பங்கு: 2,400, 1,600, 1,200, 800, நோட்டுக்காரருக்கு 2,000. யாருக்கும் கூடுதல் இல்லை, குறைவு இல்லை. 50 மாதத்தில் முடியும். தீபாவளி, பொங்கல் வியாபாரத்தில் கூடுதலாக வருவதையும் இதே விகிதத்தில் பங்கிட்டால் இன்னும் சீக்கிரம் முடியும்.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை உண்டு. நோட்டுக்காரருக்கு மூன்று வட்டி என்றால் மாத வட்டி மட்டும் 3,000. பங்கில் கிடைப்பதோ 2,000. 50 மாதம் கட்டினாலும் பாக்கி ஏறியே இருக்கும். ஆகவே பேச்சுவார்த்தையில் முதலில் பேச வேண்டியது தொகை இல்லை, வட்டி. இன்ன தேதி வரை உள்ள பாக்கி இவ்வளவு, அந்தத் தேதிக்குப் பின் வட்டி ஓடாது என்று எல்லோரும் ஒப்ப வேண்டும். வட்டி நிற்காத எந்த ஏற்பாடும் தண்ணீரில் எழுதியதற்குச் சமம்.

இங்கிலாந்து, அமெரிக்க நாடுகளில் இதற்குக் கடன் மேலாண்மைத் திட்டம் என்றே பெயர். ஆலோசனை நிலையம் ஒன்று கடன்பட்டவரிடம் மாதம் ஒரு தொகை வாங்கி, கடன் கொடுத்தவர்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுக்கிறது. நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2009-ல் கடன் ஆலோசனை மையங்களுக்குத் திட்டம் வகுத்தது. 2012 முதல் அவை நிதி அறிவு மையங்கள் என்ற பெயரில் நடக்கின்றன. அங்கே ஆலோசனை கேட்கலாம். பங்கிட்டுத் தரும் வேலையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். போனில் கூப்பிட்டு, "உங்கள் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம், முதலில் எங்களுக்குக் கட்டணம் கட்டுங்கள்" என்கிறவர்களிடம் மட்டும் போக வேண்டாம்.

இந்த முறை வெளிநாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-வது பிரிவில் இதற்கு இடம் இருக்கிறது. கடன் கொடுத்தவர் தமக்குச் சேர வேண்டியதில் குறைத்தும் வாங்கிக்கொள்ளலாம், தவணையை நீட்டியும் கொடுக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. சட்டப் புத்தகத்திலேயே ஓர் உதாரணம் அச்சாகியிருக்கிறது: 2,000 ரூபாய் பாக்கி உள்ளவர் தமக்குக் கடன் கொடுத்த எல்லோரோடும் ரூபாய்க்கு எட்டணா என்று ஏற்பாடு செய்துகொண்டு 1,000 ரூபாய் கட்டினால் அந்தக் கடன் தீர்ந்தது. அணாக் காலத்தில் எழுதிவைத்த வழி, அணா போனபின்னும் செல்லுபடியாகிறது.

கூட்டம் போடுகிற விதம் முக்கியம். ஐந்து பேரையும் தனித்தனியே சந்தித்துக் கெஞ்சினால் ஒவ்வொருவரும் "மற்றவருக்கு எவ்வளவு கொடுத்தாய்?" என்றுதான் கேட்பார்கள். சங்கத்தில் பொதுவான இருவரை வைத்து, எல்லோரையும் ஒரே நாளில் உட்கார வைத்து, முதலில் சொன்ன தாளை நடுவில் வைக்க வேண்டும். கடைக்காரர், "அண்ணே, மாதம் 8,000-க்கு மேல் என்னால் முடியாது. இதோ விற்பனைக் கணக்கு, நீங்களே பாருங்கள்" என்று சொல்லலாம். கணக்கைக் காட்டுகிறவரிடம் கோபம் அதிக நேரம் நிற்பதில்லை. மாறாக, முடியாத தொகையை ஒப்புக்கொண்டு இரண்டாம் மாதமே தவறினால் அப்புறம் யாரும் உட்கார மாட்டார்கள். கட்டக்கூடியதைவிட ஐந்நூறு குறைத்துச் சொல்லிக் கூட்டிக் கட்டுவதே புத்திசாலித்தனம்.

ஒப்பியதை முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாக்கித் தொகை, வட்டி நிற்கும் தேதி, மாதத் தேதி, எத்தனை தவணை தவறினால் ஏற்பாடு ரத்து, இதற்குமுன் கொடுத்த செக்குகளும் நோட்டுகளும் என்னாவது எல்லாம் அதில் வர வேண்டும். வெற்றுச் செக் யாரிடமாவது கிடந்தால் திரும்பப் பெறுங்கள், இல்லையேல் அதன் எண்ணையாவது பத்திரத்தில் எழுதிவையுங்கள். செக் திரும்பினால் வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் கட்டாவிட்டால் 138-வது பிரிவு வழக்கு. அதில் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

கட்டும்போதெல்லாம் "பழைய பாக்கிக் கணக்கில்" என்று எழுதிக் கட்டுங்கள். எந்தக் கடனுக்கு என்று கட்டுகிறவர் சொல்லலாம். அவர் சொல்லாவிட்டால் வாங்குகிறவர் தம் இஷ்டப்படி, காலாவதியான கடனுக்குக்கூட, வரவு வைத்துக்கொள்ளலாம் என்று அதே ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. கடன் கொடுத்தவருக்கும் ஒரு தைரியம் உண்டு. நோட்டுக்கும் சரக்குப் பாக்கிக்கும் வழக்குப் போட 3 வருடக் கெடு. கெடுவுக்குள் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, பகுதித் தொகை கட்டியதைத் தம் கையெழுத்தில் குறித்தாலோ அன்றிலிருந்து புது 3 வருடம் தொடங்குகிறது. ஆகையால் 50 மாதம் பொறுத்தால் கெடு தவறிவிடுமே என்று பயப்பட வேண்டியதில்லை.

ஐந்தில் ஒருவர் ஒப்பவில்லை என்றால்? கையெழுத்துப் போடாதவரை ஏற்பாடு கட்டுப்படுத்தாது. அவர் வழக்குப் போடலாம். அவருடைய பங்கையும் மாதாமாதம் வங்கி வழியாக அனுப்பிக்கொண்டே இருங்கள். தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்துக்கு அழைக்கலாம். வழக்குப் போடுமுன்பே அங்கே பேசலாம். அங்கே ஏற்படும் சமரசத்துக்கு நீதிமன்றத் தீர்ப்புக்கு உள்ள பலம் உண்டு, அதன்மேல் அப்பீலும் கிடையாது.

எங்கள் பக்கம், அதாவது மொத்த வியாபாரிகளிடம், ஒன்று சொல்ல வேண்டும். பாக்கி நின்றதும் சரக்கை நிறுத்துவது நம் வழக்கம். சரக்கு இல்லாத கடையில் விற்பனை பாதியாகும். மேலே சொன்ன 12,500 எங்கிருந்து வரும்? பழைய பாக்கி தனிப் பேரேடு, புதுச் சரக்கு ரொக்கத்துக்கு மட்டும் என்று வைத்தால் கடை ஓடும், பாக்கியும் குறையும். ரொக்கத்துக்கு வாங்குகிறவருக்கு விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் தப்பில்லை. நால்வரில் ஒருவர் மட்டும் இரவோடு இரவாகப் போய் மூட்டையைத் தூக்கிவந்துவிட்டால் அவருக்கு 20,000 தேறும், மற்ற மூவருக்கும் ஒன்றும் தேறாது. அடுத்த முறை அந்த மூவரில் ஒருவர் அதையே செய்வார்.

ஜி.எஸ்.டி.யிலும் கவனம் வேண்டும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சரக்குக்குப் பணம் கட்டாவிட்டால், அந்தப் பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். பிறகு பணம் கட்டும்போது அந்த வரவைத் திரும்ப எடுக்கலாம். பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தால் இரு தரப்புக்கும் வருமான வரிக் கணக்கில் விளைவு உண்டு; கையெழுத்துக்கு முன் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

வங்கிக் கடனை மற்றவற்றோடு சேர்க்காமல் முழுத் தவணையும் ஒதுக்கியதற்குக் காரணம், அதில் வீடு இருக்கிறது. தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன் என்று வகைப்படுத்துவார்கள். பின்னர் 2002-ஆம் வருடச் சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரலாம். அந்த 90 நாளுக்குள் மேலாளரைப் பார்த்துத் தவணைக் காலத்தை நீட்டக் கேட்பதுதான் சரி. நோட்டீஸ் வந்தபின் போனால் அவர் கையிலும் அதிகாரம் குறைவு. ஒரே தவணையில் குறைத்துக் கட்டி முடித்தால் கடன் தகவல் அறிக்கையில் அது அப்படியே பதிவாகும். அடுத்த கடன் கிடைப்பது கடினம். வங்கியின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

மீட்டர் வட்டி, கந்து வட்டி, ரன் வட்டிக்காரர்கள் மேலே சொன்ன கூட்டத்துக்கு வர மாட்டார்கள். அவர்களுக்கென்றே தமிழ்நாட்டில் 2003-ல் அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் வந்தது. அதன்படி 3 வருடம் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பலருக்குத் தெரியாத ஒரு வசதியும் அதில் இருக்கிறது: அசலையும் அரசு நிர்ணயித்த வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, கடன் தீர்ந்ததாகப் பதியும்படி கடன்பட்டவரே மனுச் செய்யலாம். 2017 அக்டோபர் 23-ல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், இரண்டு குழந்தைகளோடு, கந்து வட்டிக் கொடுமையால் தீக்குளித்ததை மறக்க முடியாது. மனுக் கொடுத்தும் நடக்காமல் போகலாம் என்பதற்கு அதுவே சாட்சி. ஆகவே இப்படிப்பட்ட மிரட்டலில் கடைக்காரர் தனியாகப் போகாமல், சங்க நிர்வாகிகளும் வக்கீலும் கூடப் போவது அவசியம். வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் மாநில அரசு மேலும் ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது.

எல்லாம் கைவிட்டால் மஞ்சள் நோட்டீஸ் இருக்கிறதே என்பார்கள். சென்னை நகருக்கு வெளியே அதற்கு 1920-ஆம் வருட மாகாணத் திவால் சட்டம்தான் இன்னும் நடப்பில் உள்ளது. 2016-ல் வந்த புதுத் திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அமலாகவில்லை. மஞ்சள் நோட்டீஸ் கொடுத்ததுமே கடன் தீர்ந்தது என்ற எண்ணம் தவறு. நீதிமன்றம் ஏற்றால் சொத்து ரிசீவர் வசம் போகும். முந்தைய இரண்டு வருடத்தில் மனைவி பெயருக்கோ மகன் பெயருக்கோ எழுதிவைத்த வீடும், மூன்று மாதத்துக்குள் ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கட்டிய தொகையும் ரத்தாகலாம். அந்தச் சட்டத்திலேயே 38-வது பிரிவு, தலைக்கணக்கில் பெரும்பான்மையும் தொகையில் முக்கால் பங்கும் உள்ள கடன் கொடுத்தவர்கள் ஒப்பினால் நீதிமன்றம் ஒரு பங்கீட்டு ஏற்பாட்டை ஏற்கலாம் என்கிறது. அதாவது வக்கீல் செலவும், ஊர்ப் பேச்சும், சில வருட அலைச்சலும் ஆனபின் வந்து நிற்கும் இடம், சங்கக் கட்டடத்தில் ஒரு பிற்பகலில் உட்கார்ந்து பேசியிருக்கக்கூடிய அதே இடம்தான்.

மாத மிச்சமே இல்லாத கடைக்கு இந்த முறை பலிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம். செலவைக் குறைத்தும், வீட்டை இறுக்கியும், விற்பனைக் கணக்கு மிச்சம் காட்டவில்லை என்றால், இருக்கிற சரக்கையும் பர்னிச்சரையும் விற்று, வருவதை விகிதப்படி பங்கிட்டுவிட்டு வேறு தொழில் பார்ப்பது மேல். அதற்கும் மேலே சொன்ன கூட்டமும், 63-வது பிரிவுப் பத்திரமும் பொருந்தும்.

இப்படி உட்கார நினைக்கும் உறுப்பினர்கள் வரும்போது கையில் கொண்டுவர வேண்டியவை: மூன்று மாத விற்பனைச் சிட்டை, கொள்முதல் பில்கள், வங்கிப் பாஸ்புக், நோட்டு நகல்கள், தண்டல் அட்டைகள். தண்டல் அட்டைகளை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டாம்.